முதல் உப்பு வாரிய கை

அத்தியாயம் 11

போன வாரம் ஜோசப்பினை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு நான் பாட்டுக்கு எழுந்து போய்விட்டேன் என்று உங்களில் பாதிப் பேருக்கு என் மேல் கோபம். எனக்கே என் மேல் கோபம்தான். என்ன செய்ய? அங்கே அவளுக்குக் கட்டில் கிடைக்கவில்லை. சிலுவைமுத்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸில் மரக்காணம் திரும்பிவிட்டான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிலுவைமுத்து உப்பளக் கூலி. அவன் பெண்டாட்டி ஜோசப்பினும் கூலிதான். சின்ன வயசிலிருந்தே பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவள். போன மாசம் அவள் உள்ளங்காலைக் கிளிஞ்சல் கிழித்தது. உப்பளத்தில் காலில் புண் இல்லாதவர் யார்? ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். உடம்பில் சர்க்கரை வியாதி இருப்பது அவளுக்குத் தெரியாது. புண் கறுத்துப்போய் மேலே ஏற ஆரம்பித்தது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள சேத்துட்டா ரெண்டு விரலோட போயிடும். தள்ளிப் போட்டா முழங்கால். அதுக்கும் தள்ளினா உசிருக்கு நான் பொறுப்பில்ல" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சேர்ப்பதற்கு என்ன தடை? சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

உப்புக் கம்பெனி ஒரே கம்பெனியாக இருந்த காலத்தில், சங்கத்துக்காரர்கள் மல்லுக்கட்டி ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் வாங்கித் தந்திருந்தார்கள். கூலியில் கொஞ்சம் பிடிப்பார்கள், முதலாளி கொஞ்சம் போடுவார். கையில் ஒரு பச்சை அட்டை. அதை நீட்டினால் கட்டில், மருந்து, ஆபரேஷன் எல்லாம் உண்டு. ஒரே ஒரு விதி. ஒரு முதலாளியிடம் இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யவேண்டும்.

இந்தப் பக்கம் உப்பு வரி. பெரிய உப்பளத்துக்கு வரி உண்டு. பத்து ஏக்கருக்குள் அடங்கிய சின்ன உப்பளத்துக்கு இல்லை. ஏழை பாழை பிழைத்துப் போகட்டும் என்று நல்ல மனசோடு விட்ட சலுகைதான் அது. முதலாளி அப்பாதுரை என்ன செய்தார்? தன் உப்பளத்தை எட்டுத் துண்டு போட்டு, எட்டுக் கூலிக்காரர்கள் பெயரில் எழுதிவிட்டார். அதில் ஒரு துண்டுக்கு முதலாளி நம்ம சிலுவைமுத்து!

அப்பாதுரைக்கு வரி மிச்சம். ஆனால் துண்டுக்குத் துண்டு எண்ணினால் இருபது ஆள் தேறவில்லை. பச்சை அட்டை செல்லாது என்று அத்தனை குடும்பத்துக்கும் கையை விரித்துவிட்டார்கள். சரி, தர்ம வார்டிலாவது சேர்க்கலாம் என்று போனால், அது கூலி ஜனங்களுக்கு மட்டும். "ஏம்பா, நீதான் பத்து ஏக்கர் பாத்திக்கு மொதலாளியாச்சே" என்று அங்கேயும் விரட்டிவிட்டார்கள். யாரோ வரி கட்டாமல் தப்பிக்க, இவள் கால் அழுகுகிறது. இதைக் கேட்க நாதி இல்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. உப்பு இலாகா இன்ஸ்பெக்டர் உப்பளத்தைப் பார்க்க வருகிறார். அவரிடம் உண்மையைச் சொல்வது, "இவன் கூலிதான்" என்று அவர் கையால் எழுதி வாங்குவது, மத்தியான பஸ்ஸில் ஜோசப்பினைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. சிலுவைமுத்துவிடம் இருப்பது இந்த ஒரே வழிதான்.

*

காலையில் செல்வநாதன் வந்தான். கையில் ரொட்டியும் நாலு ஆரஞ்சுப் பழமும்.

செல்வநாதன் ஜோசப்பினின் தம்பி. கம்பெனி ஆபீசில் கிளார்க். தாய் சாகும்போது அவனுக்குப் பேச்சுக்கூட வரவில்லை. அக்காதான் இடுப்பில் வைத்துக்கொண்டே உப்பு வாரி வளர்த்தாள். அவன் முதன்முதலாகப் பேசிய வார்த்தை 'அக்கா'. அதுவும் பாத்தியில் வைத்துத்தான். எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிக்க வைத்ததும் அவள்தான். பிள்ளை இல்லாத ஜோசப்பினுக்கு அவன்தான் பிள்ளை. அடுத்த மாசம் பெரிய முதலியார்சாவடியில் பெண் எடுக்கிறான். கல்யாணத்தை ஊருக்கு அறிவித்து மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்களே, அதில் இரண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை வருகிற ஞாயிறு.

"எப்படிக்கா இருக்குது?"

"இருக்குதுடா. நேத்து வரைக்கும் உயிர் போற மாதிரி வலிச்சுது. இன்னிக்கி வலியே தெரியல. அதான் பயமா இருக்குது."

"வலி இல்லன்னா நல்லதுதானேக்கா?"

"நீ ஆபீஸ்ல உக்கார்றவன், உனக்கின்னா தெரியும்? உப்புத் தண்ணியில எறங்கினா புண்ணு எரியணும்டா. எரியற வரைக்கும் பயமில்லன்னுதான் பாத்தியில சொல்லுவாங்க."

செல்வநாதன் பழத்தை உரிக்கிற மாதிரி பாவனை செய்தான். அப்புறம் மாமனைக் கண்ணால் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனான்.

"மாமா, முதலாளி சொல்லி அனுப்பினாரு. இன்னிக்கி ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருங்க. சீசன் முடிஞ்சதும் அக்காவ அவரே நல்ல ஆஸ்பத்திரியில சேக்கறாராம்."

"சீசன் எப்ப முடியுது?"

"ஆடிக் கடைசியில."

"டாக்டரு ஞாயித்துக்கிழமைங்கறாரு. உங்க மொதலாளி ஆடிங்கறாரு. காலு யாரு பேச்சக் கேக்கும் மச்சான்?"

"மாமா, புரிஞ்சுக்குங்க. உண்மையச் சொன்னீங்கன்னா எட்டுத் துண்டும் ஒண்ணுன்னு ஆயிடும். வரி போடுவாங்க, கேஸ் போடுவாங்க. எமர்ஜென்சி காலம். பொய்யா எழுதிக் குடுத்தேன்னு உங்களத்தான் மொதல்ல உள்ள வெப்பாங்க. சாட்சிக் கையெழுத்து போட்டது நானு. என் வேலை போயிட்டா பொண்ணு வூட்டுக்காரங்க..."

"அட, பேரு போடச் சொல்லி என்னை இட்டுக்கினு போனதே நீதானேப்பா! 'சும்மா பேருக்குத்தான் மாமா, நாலு பேரு உங்கள மொதலாளின்னு கூப்பிடட்டுமே'ன்னு நீ சொல்லல? ஆழம் தெரியாம காலை விட்டது நானு. அழுகறது அவ காலு."

உள்ளேயிருந்து ஜோசப்பின் குரல் வந்தது.

"வெளியில நின்னு இன்னா குசுகுசுன்னு? எனக்குக் காலுதான் கெட்டுப் போச்சு. காது நல்லாத்தான் இருக்குது. ரெண்டு பேரும் உள்ள வாங்க."

போனார்கள். அவள் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"டேய் செல்வம். எனக்கு சாகப் பயமில்லன்னு பெரிய வார்த்தையெல்லாம் நான் பேச மாட்டேன். பயமா இருக்குது. ராத்திரியெல்லாம் இந்தக் காலத் தடவித் தடவிப் பாக்கறேன். எனக்குக் காலு வேணும்டா. நான் பொழைக்கணும். உன் கல்யாணத்துல கோயிலுக்குள்ள நடந்து வரணும்."

செல்வநாதன் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை, நான் உத்தரவாதம் தருகிறேன்.

"ஆபீசரு உன்னைக் கேட்டா ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. 'எங்க மாமா கூலிதாங்க'ன்னு சொல்லு, போதும்."

"சரிக்கா."

"சத்தியம் பண்ணச் சொல்லுடி" என்றான் சிலுவைமுத்து.

"போங்க நீங்க ஒண்ணு. நான் வளத்த புள்ளைகிட்ட சத்தியம் வாங்குவாங்களா? சரின்னு சொல்லிட்டான்ல."

*

வண்டி அரசப்பனுடையது. அரசப்பனும் கூலிதான், அவன் பெயரிலும் ஒரு துண்டு எழுதியிருக்கிறது. அவனே மாட்டைப் பூட்டி, வைக்கோல் பரப்பி, ஜோசப்பினை ஏற்றிக்கொண்டான்; எழுதி வாங்கியதும் உப்பளத்திலிருந்தே பஸ் ஏற்றிவிடலாம். உண்மையைச் சொல்லும்போது கூட நிற்பதாகவும் வாக்குக் கொடுத்திருந்தான்.

வைகாசி வெயில். இரண்டு பக்கமும் பாத்திகள் வெள்ளையாகக் கண்ணைக் கூசின. அந்த வருஷம் உப்பு அப்படி விளைந்திருந்தது. வரப்பு முழுக்கக் குவியல் குவியலாக அள்ளிக் கொட்டியிருந்தார்கள்.

சிலுவைமுத்து அதைப் பார்த்துக்கொண்டே வந்தான். அவன் மனசில் வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது.

அந்த உப்பளத்தில் ஒரு வழக்கம். வருஷத்து முதல் உப்பைப் பாத்திக்கு உடையவன்தான் வாரவேண்டும். வேறு கை பட்டால் உப்பு விளையாது, மழை வந்து கரைத்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். வேதக்காரனானாலும் சரி, இந்துவானாலும் சரி, இதற்கு எல்லோருக்கும் பயம். பசியோடு இருக்கிற கூலிகூட முதல் உப்பில் விரலை வைக்க மாட்டான்.

தை மாசம் இந்த இன்ஸ்பெக்டர் முதல் தடவை வந்தபோது, அப்பாதுரை எட்டுப் பேர் கழுத்திலும் மாலையைப் போட்டு, நீளக் காம்பு வைத்த உப்பு வாரும் பலகையைக் கையில் கொடுத்துவிட்டார். சிலுவைமுத்து சிலுவை போட்டுக்கொண்டு பாத்தியில் இறங்கினான். முதல் உப்பை வாரிக் குவித்தான். குவியலின் மேலும் விரலால் ஒரு சிலுவை கீறினான். உள்ளுக்குள் பயம்தான். ஆனால் மறைப்பானேன், கழுத்து மாலையின் வாசனையில் நெஞ்சும் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. எட்டுப் பேருக்கும் அப்படித்தான்.

"ஏம்பா அரசப்பா. பொய்க் கை வாரியும் உப்பு மலையா வௌஞ்சிருக்குதே."

"அதனால இன்னா?"

"ஆண்டவரு உப்புல கைய வெக்கல. என் வூட்டுல வெச்சிட்டாரு."

"சும்மா இருப்பா! நோவு மனுசனுக்கு வர்றதுதான். நீ வாயத் திறந்து ஆரம்பி, நான் இருக்கேன். எனுதும் இல்ல சாமின்னு சொல்லிடறேன். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் இன்னா, மொழம் இன்னா?"

வண்டியில் படுத்திருந்த ஜோசப்பின் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

*

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் தட்சணாமூர்த்தி இறங்கினார். பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு அப்பாதுரை. அவருக்குப் பின்னால் செல்வநாதன், அக்குளில் ஆபீஸ் பையோடு. வரப்பில் எட்டு 'முதலாளிகள்' வரிசையாக நின்றார்கள். கூலி ஜனங்கள் அப்படியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஜோசப்பின் படுத்திருந்த மாட்டு வண்டி வரப்பு ஓரத்திலேயே நின்றது.

சிலுவைமுத்து துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஐயா, ஒரு உண்மை சொல்லணும்ங்க."

"சொல்லு."

"இந்தப் பாத்தி எனுது இல்லீங்க. நான் கூலி. இவங்க எல்லாருமே கூலிதாங்க. மொத்தமும் மொதலாளியுது. வரிக்காக எங்க பேருல எழுதியிருக்காங்க. அதனால எங்க இன்சூரன்சு போயிடுச்சுங்க. வூட்டுக்காரிக்குக் காலு அழுவிப் போச்சு, சேக்க மாட்டேங்கறாங்க. நீ கூலிதான்னு ஒரு வரி எழுதிக் குடுங்கய்யா. கேஸ் போட்டா போடுங்க, நான் ஜெயிலுக்குப் போறேன். அவளை மொதல்ல சேத்துட்டுப் போறேன்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்பா, தை மாசம் இந்தப் பாத்தியில முதல் உப்பை வாரினது யாரு?"

"நாந்தாங்க."

"நான் பக்கத்து அனுமந்தைக்காரன். பேப்பர்ல எவனும் எவன் பேரையும் எழுதலாம், அதை நான் நம்பறதில்ல. உடையவன் இல்லாம ஒருத்தனும் முதல் உப்புல கை வைக்க மாட்டான். என் கண்ணால பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். இப்ப எனுது இல்லங்கறே?"

"வாரச் சொன்னாங்க, வாரினேன்."

"தெய்வத்துக்கு பயமில்லையா?"

"பயந்துக்கிட்டேதாங்க வாரினேன்."

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அப்பாதுரை குடையைக் கை மாற்றிக்கொண்டார்.

"சார், பாவம், பொண்சாதி சீக்காளி. மனசு கலங்கிப் போயிருக்கான். மத்தவங்களக் கேட்டுப் பாருங்களேன்."

இன்ஸ்பெக்டர் அரசப்பன் பக்கம் திரும்பினார். "உன் பாத்தி யாருது?"

அரசப்பன் சிலுவைமுத்துவைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். அப்புறம் குடையின் கீழே இருந்த முகத்தைப் பார்த்தான். அந்த முகம் இவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எனுதுதாங்க."

அவனைத் திட்டாதீர்கள். அந்தக் கடற்கரையில் உப்பளத்தை விட்டால் அவனுக்கு வேறு சோறு கிடையாது. கடலுக்குப் போகத் தெரியாது, உழ நிலம் கிடையாது. திட்டவேண்டிய இடம் வேறே.

அடுத்தவன். "எனுதுதாங்க." அதற்கடுத்தவன் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டான். ஏழு பேரும் சொன்னார்கள். ஒருத்தன்கூடத் தலையை நிமிர்த்தவில்லை.

"சாட்சிக் கையெழுத்துப் போட்டது யாரு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நானுங்க சார்" என்று செல்வநாதன் முன்னால் வந்தான்.

"இவன் உனக்கு என்ன வேணும்?"

"மாமாங்க. எங்க அக்கா வூட்டுக்காரரு."

"அப்ப அவனுக்குக் கெடுதலா நீ பேச மாட்டே. உன்னையே நம்பறேன். இந்தப் பாத்தி யாருது?"

சிலுவைமுத்துவுக்கு மூச்சு வந்தது. வண்டியில் ஜோசப்பின் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். தம்பி அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஆபீஸ் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"மாமாவுதுதாங்க."

"டேய்!" என்று கத்தினான் சிலுவைமுத்து.  

"அக்காவுக்கு ஒடம்பு சரியில்லீங்க. அதான் மாமா என்னென்னமோ..." என்று இழுத்தான் செல்வநாதன்.

பாவி! அவள் கையால் தின்ற சோறு அவன் தொண்டையை அடைக்கவில்லையே!

"சரி, முடிஞ்சுது" என்று இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் எல்லோரும் வண்டிப் பக்கம் பார்த்தார்கள். ஜோசப்பின் இறங்கிவிட்டாள். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து எறிந்தாள். வரப்பில் யாரோ சாத்தி வைத்திருந்த பலகையை எடுத்து ஊன்றிக்கொண்டு நடந்தாள். சிலுவைமுத்து ஓடிப்போய்க் கையைப் பிடித்தான்.

"வேணாம் ஜோசப்பின், வேணாம்மா. உனக்குப் புண்ணியமாப் போவுது, வேணாம்!"

"வுடுங்க. நம்ம பாத்திதானேங்க? மொத உப்பை நீங்க வாரினீங்க. மீதிய நான் வாரறேன். மொதலாளி பொண்டாட்டி பாத்தியில எறங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதா இன்னா?"

கையை உதறினாள். இறங்கிவிட்டாள்.

மத்தியான வெயிலில் கொதித்துக் கிடக்கிற உப்புத் தண்ணீர். அதில் திறந்த புண். வரப்பில் நின்ற பொம்பிளைகள் எல்லோரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள். அந்த எரிச்சல் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். சின்ன கீறலுக்கே உச்சி மண்டை வரை இழுக்கும். ஐயோ என்று ஒரு அலறல் வரப்போகிறது என்று காத்திருந்தார்கள்.

அலறல் வரவில்லை.

ஜோசப்பின் பலகையைப் பிடித்தபடி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளை உப்பில் செம்மண் கரைகிற மாதிரி ஏதோ பரவியது. காலை ஒரு தடவை எடுத்து மறுபடி அழுத்தி வைத்தாள். இன்னொரு தடவை வைத்தாள்.

"இன்னாங்க" என்று மெதுவாகப் புருஷனைக் கூப்பிட்டாள். "எரியலீங்க."

சிலுவைமுத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். தலையில் அடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். கண்ணை மூடியிருந்த பொம்பிளைகளும் அழுதார்கள். அரசப்பன் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டான்.

"டேய் செல்வம்" என்றாள் அவள். கோபம் துளிக்கூட இல்லை, பயந்துபோன குரல். "கொஞ்சங்கூட எரியலடா."

இன்ஸ்பெக்டர் பேனாவோடு அப்படியே நின்றார். அந்தக் கடற்கரையில் பிறந்தவர் அல்லவா, எரியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். அவள் பலகையைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தார். காய்த்துப் போன கையைப் பார்த்தார். பாத்திக்கு உடையவன் பெண்டாட்டிக்கு அப்படிக் கை காய்க்காது.

"யாருப்பா இந்தம்மா?"

அப்பாதுரை வாயைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டுச் செல்வநாதனைப் பார்த்தார்.

"உன்னைத்தான் கேக்கறேன். யாரு இது?"

செல்வநாதனின் பை கீழே விழுந்தது. அவன் எடுக்கவில்லை.

"எங்க அக்காங்க."

"அது தெரியுது. இந்தப் பாத்தியில இவங்க கூலியா, மொதலாளி பொண்டாட்டியா? அதைச் சொல்லு."

ரோட்டில் புதுச்சேரி பஸ் வந்து நின்று, இரண்டு தடவை ஹாரன் அடித்தது. வண்டியில் வைக்கோல் மேல் துணி மூட்டை அப்படியே இருந்தது. ஜோசப்பின் எரியாத காலை உப்புத் தண்ணீரில் ஊன்றிக்கொண்டு தம்பியின் வாயையே பார்த்தாள், முன்னொரு காலத்தில் அவன் முதல் வார்த்தை பேசக் காத்திருந்த மாதிரி. பஸ் கிளம்பிப் போய்விட்டது. அவன் இன்னும் பேசவில்லை.